வெளிநாட்டு ஏர்லைன்ல பைலட் வேலை: லைசன்ஸ் இருந்தா போதுமா?

போன மாசம் சொந்தத்துல ஒரு வளைகாப்புக்கு போயிருந்தேன். பந்தியில பக்கத்து இலையில உக்காந்திருந்த மாமா ஒருத்தர், வடைய பிச்சுக்கிட்டே, "பையன் அமெரிக்காவுல பைலட் லைசன்ஸ் முடிச்சுட்டான் மாப்ள, அடுத்து எமிரேட்ஸ்ல போட்டுடலாம்னு இருக்கோம், அங்க யாராவது தெரியுமா"ன்னு கேட்டார். கோயம்புத்தூர் பிராஞ்ச்ல இருந்து திருச்சி பிராஞ்சுக்கு டிரான்ஸ்ஃபர் கேக்குற மாதிரி அவ்ளோ சாதாரணமா கேட்டார். நான் பறக்குற ஆளு இல்ல, ஒரு ஏர்லைன்ல பைலட்டுங்களோட லைசன்ஸ் பேப்பர், டிரெய்னிங் ரெக்கார்டு எல்லாம் பாத்துக்குற டேபிள் வேலை, ஆனா சொந்தக்காரங்களுக்கு அந்த வித்தியாசம் கிடையாது, மாசத்துக்கு ரெண்டு பேராவது இதே கேள்விய கேட்டுடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் பாயசம் ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்க முடியல, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

குழப்பம் எங்க வருதுன்னா, "பைலட் வேலை கிடைக்கறது"ன்னு நாம ஒரே விஷயமா பேசுறதுக்குள்ள மூணு தனித்தனி அனுமதி இருக்கு. அந்த நாட்டு விமானத்த ஓட்ட லைசன்ஸ், இத குடுக்கறது அரசாங்கத்தோட விமானத்துறை. உன்ன நம்பி விமானத்த குடுக்கலாம்ங்கற முடிவு, இத எடுக்கறது ஏர்லைன். அந்த நாட்டுல தங்கி சம்பளம் வாங்கற அனுமதி, இது குடியேற்றத்துறை கையில. மூணு பேருமே ஒருத்தர ஒருத்தர் கேக்க மாட்டாங்க. ஒண்ணு கிடைச்சா இன்னொண்ணு தானா வந்துடும்னு நெனச்சுத்தான் நிறைய குடும்பம் வீட்ட அடமானம் வெக்குது.

லைசன்ஸ் ஒட்டிக்கிட்டு இருக்கறது விமானத்தோட வால்ல

டிரைவிங் லைசன்ஸ்ல இருந்து ஆரம்பிப்போம். தமிழ்நாட்டு லைசன்ஸ வெச்சு பெங்களூர்ல ஓட்டலாம், பிரச்சன இல்ல. ஆனா துபாய்ல போய் குடியேறினா அந்த ஊரு லைசன்ஸ்தான் வேணும், இங்க இருபது வருஷம் லாரி ஓட்டியிருந்தாலும் சரி. அதாவது ரோடு எந்த நாட்டுலயோ லைசன்ஸ் அந்த நாட்டோடது.

விமானத்துக்கு இது அப்படியே வேற மாதிரி. சென்னைல இருந்து துபாய் போற பைலட் நடுவுல எத்தன நாட்டு வானத்துல போறாரோ அத்தன லைசன்ஸா வெச்சிருக்க முடியும்? அதனால 1944ல சிகாகோவுல நாடுகள் சேந்து போட்ட ஒப்பந்தத்துல ஒரு விஷயத்த தெளிவா எழுதிட்டாங்க: விமானம் எந்த நாட்டுல பதிவு பண்ணியிருக்கோ, அந்த நாடு குடுத்த லைசன்ஸ், இல்லன்னா அந்த நாடு ஒத்துக்கிட்ட லைசன்ஸ் பைலட் கிட்ட இருக்கணும். எங்க பறக்குதுங்கறது கணக்கு இல்ல. அப்படி பதிவு பண்ணின நாட்டுக்கு "ஸ்டேட் ஆஃப் ரெஜிஸ்ட்ரி"ன்னு பேரு.

இத கண்ணாலயே பாக்கலாம். சென்னை ஏர்போர்ட்டுக்கு எதிர்ல திரிசூலம் பக்கம் மேடா ஒரு இடத்துல நின்னு நல்ல ஜூம் கேமராவுல பாத்தீங்கன்னா, ஒவ்வொரு விமானத்தோட பின்பக்கமும் நம்பர் பிளேட் மாதிரி எழுதியிருக்கும். நம்ம ஊரு விமானம்னா வி.டி.ன்னு ஆரம்பிக்கும், எமிரேட்ஸ்னா ஏ6, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா 9வி, ஸ்ரீலங்கன்னா 4ஆர். பைலட்டோட லைசன்ஸ் அந்த ரெண்டு எழுத்துக்குத்தான் ஒத்துப்போகணும். மேல அடிச்சிருக்கற கலரும் பேரும் ரெண்டாவது விஷயம். 2023ல இண்டிகோ, டெல்லி – இஸ்தான்புல் ரூட்டுக்கு டர்கிஷ் ஏர்லைன்ஸ்ல இருந்து பெரிய 777 விமானத்த வாடகைக்கு எடுத்து ஓட்ட ஆரம்பிச்சாங்க. டிக்கெட் இண்டிகோ டிக்கெட்டு, உள்ள சாப்பாடு குடுக்கறது இண்டிகோ பொண்ணுங்க, ஆனா விமானம் துருக்கி பதிவு, அதனால காக்பிட்ல உக்காந்திருந்தது டர்கிஷ் ஏர்லைன்ஸ் பைலட்டுங்க.

இதுவரைக்கும் சுருக்கமா: நீங்க எந்த நாட்டுல படிச்சீங்க, எந்த நாட்டுக்காரர்ங்கறது முதல் கேள்வி இல்ல. ஓட்டப்போற விமானம் எந்த நாட்டு பதிவு, அந்த நாடு உங்க லைசன்ஸ ஒத்துக்குமா, அதான் முதல் கேள்வி.

ஹாட்ஸ்பாட்டா, சொந்த சிம்மா

ஒத்துக்கறதுல ரெண்டு வகை. முதல் வகை "வேலிடேஷன்". உங்க இந்திய லைசன்ஸ வெச்சே கொஞ்ச காலத்துக்கு எங்க விமானத்த ஓட்டிக்கோன்னு அந்த நாடு ஒரு பேப்பர் குடுக்கும். இது இன்னொருத்தர் போன்ல இருந்து ஹாட்ஸ்பாட் எடுக்கற மாதிரி, அந்த போன் ஆஃப் ஆனா உங்க நெட்டும் போச்சு. இந்தியாவுல உங்க லைசன்ஸ் காலாவதி ஆனாலோ சஸ்பெண்ட் ஆனாலோ வேலிடேஷனும் கூடவே படுத்துடும். வெளிநாட்டு பைலட்டுங்க இந்தியாவுல வந்து ஓட்டும்போது நம்ம டி.ஜி.சி.ஏ.வும் இதே மாதிரி ஃபாட்டான்னு ஒரு தற்காலிக அனுமதிதான் குடுக்குது. (டி.ஜி.சி.ஏ.ங்கறது நம்ம மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகம், லைசன்ஸ் விஷயத்துல ஆர்.டி.ஓ. மாதிரின்னு வெச்சுக்கோங்க.)

ரெண்டாவது வகை "கன்வெர்ஷன்", அந்த நாட்டோட லைசன்ஸயே புதுசா வாங்கறது, அதாவது சொந்த சிம். இதுக்கு எவ்ளோ உழைக்கணும்ங்கறது நாட்டுக்கு நாடு பயங்கரமா மாறும். சில நாடுகள் அனுபவம் உள்ள பைலட்டுக்கு அவங்க ஊரு வான்சட்டத்துல ஒரு பரீட்சை, ஒரு மெடிக்கல், ஒரு செக் ரைடோட (அதாவது ஓட்டிக் காட்டற டெஸ்ட்) விட்டுடும். ஐரோப்பாவுல அந்த கதையே நடக்காது, பத்தாயிரம் மணிநேரம் பறந்த கேப்டனா இருந்தாலும் 13 தியரி பேப்பரையும் காலேஜ் பையன் மாதிரி உக்காந்து எழுதணும். வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு வந்த டாக்டருங்க இங்க எஃப்.எம்.ஜி.இ. எழுதுறாங்க இல்ல, அதே கதைதான், ஆனா அங்க சர்வீஸ் போட்ட பெரிய டாக்டரையும் உக்கார வெப்பாங்க.

ரெண்டு வகைக்கும் அடியில ஒரு விஷயம் இருக்கு, வெரிஃபிகேஷன். உங்க லைசன்ஸ் நிஜம்தானான்னு அந்த நாட்டு விமானத்துறை நேரா உங்க நாட்டு விமானத்துறைக்கு எழுதி கேக்கும், நீங்க கொண்டு போற ஜெராக்ஸ நம்பாது. அப்போ உங்க நாட்டு ஆபீஸுக்கு உலகத்துல என்ன மரியாதையோ அதுதான் உங்களுக்கும். 2020 மே மாசம் கராச்சியில பாகிஸ்தான் ஏர்லைனான பி.ஐ.ஏ.வோட விமானம் விழுந்துச்சு, அடுத்த மாசமே பாகிஸ்தானோட விமானத்துறை அமைச்சர் 262 பைலட்டுங்க லைசன்ஸ் சந்தேகமா இருக்குன்னு வெளிப்படையா சொல்லிட்டார். வியட்நாம், மலேசியான்னு எங்கெங்கயோ ஒழுங்கா வேலை பாத்துட்டு இருந்த பாகிஸ்தான் பைலட்டுங்கள எல்லாம் அந்தந்த நாடுங்க தரையில உக்கார வெச்சுடுச்சு, ஐரோப்பா பி.ஐ.ஏ.வையே உள்ள விடல. அந்த லிஸ்ட்ல பல பேரோட லைசன்ஸ் சரியானதுதான்னு பின்னாடி தெரிஞ்சுது, ஆனா அதுவரைக்கும் அவங்க ஈ.எம்.ஐ.ய யாரு கட்டினா?

நம்ம ஆளுங்களுக்குன்னே இதுல தனியா ஒரு தொல்லை இருக்கு: இனிஷியல். லைசன்ஸ்ல கே. செந்தில்னு இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா விரிஞ்சு சர்நேம்னு ஏறியிருக்கும், அமெரிக்க லைசன்ஸ்ல அதே பேரு இன்னொரு வரிசைல இருக்கும். அரபு நாட்டுல டேபிள்ல உக்காந்திருக்கறவருக்கு இது மூணும் மூணு ஆளு. எனக்கு தெரிஞ்ச ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு, அதாவது துணை பைலட்டுக்கு, இன்டர்வியூ, சிமுலேட்டர் (தரையில இருக்கற மாதிரி காக்பிட்) டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகி, இந்த ஒரு எழுத்தால மூணு மாசம் இழுத்துச்சு. அஃபிடவிட், கெஜட்னு அலைஞ்சு அலைஞ்சு மனுஷன் அப்பா பேரையே வெறுத்துட்டார்.

ஆயிரம் இலை போட்ட கை

இப்போ அந்த மூணு அனுமதியில ரெண்டாவது பூட்டு, ஏர்லைன். மாமா மாதிரி ஆளுங்க இடறி விழறது இங்கதான்.

கேட்டரிங் காலேஜ்ல முதல் மார்க் வாங்கின பையனும் நல்லாத்தான் சமைப்பான். ஆனா உங்க வீட்டு கல்யாணத்துக்கு ஆயிரம் இலைக்கு சமைக்க யாரை கூப்பிடுவீங்க? இதுக்கு முன்னாடி ஆயிரம் இலை போட்ட மாஸ்டரைத்தான். பாய்லர் வெடிச்சாலும் சாம்பார் நேரத்துக்கு வரும்ங்கற நம்பிக்கைக்கு குடுக்கற காசு அது. வெளிநாட்டு ஏர்லைன் உள்ளூர் ஆள விட்டுட்டு, விசா, டிக்கெட், வீடுன்னு செலவு பண்ணி வெளிய இருந்து ஒருத்தர கூட்டிட்டு வருதுன்னா அது மாஸ்டரைத்தான் தேடும், காலேஜ் பையன் அவங்க ஊருலயே இருக்கான்.

விமானத்துல அந்த இலைக்கணக்குக்கு பேரு மணிநேரம். சி.பி.எல்., அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கற கமர்ஷியல் லைசன்ஸ், இந்தியாவுல 200 மணிநேரம் பறந்தா எடுக்கலாம். அதுல பெரும்பாலும் செஸ்னா மாதிரி குட்டி விமானம். அதுக்கு மேல ஏ.டி.பி.எல்., பெரிய பயணிகள் விமானத்துக்கு கேப்டனா உக்கார வேண்டிய லைசன்ஸ், 1500 மணிநேரம். பறந்த ஒவ்வொரு மணிநேரமும் லாக் புக்ல ஏறணும்: தேதி, விமானம், எங்க இருந்து எங்க, பகலா ராத்திரியா, கேப்டனா துணையா. வெளிநாட்டு ஏர்லைன் விளம்பரத்துல மொத்த மணிநேரத்த விட, எந்த விமானத்துல எத்தனைங்கறதுதான் முக்கியமா இருக்கும், ஜெட்ல எவ்ளோ, ரெண்டு பைலட் விமானத்துல எவ்ளோ, கடைசியா பறந்தது எப்போன்னு. செஸ்னாவுல 2000 மணிநேரம் இருக்கறவர விட ஏர்பஸ் 320ல 1500 இருக்கறவர்தான் அவங்களுக்கு வேணும்.

அமெரிக்காவுல இன்னும் ஒரு சுவர் இருக்கு. 2009 பிப்ரவரில பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் செத்ததுக்கு அப்புறம், 2013ல இருந்து அங்க ஏர்லைன்ல துணை பைலட்டா உக்காரவே பொதுவா 1500 மணிநேரம் வேணும்னு ஆக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா விழுந்த அந்த விமானத்துல இருந்த ரெண்டு பைலட்டுக்குமே 1500க்கு மேலதான் இருந்துச்சு, அத விடுங்க. நம்ம பசங்க அங்க படிக்கப்போறது நிறைய பேரு எம்-1 விசாவுல, அது படிப்புக்கான விசா, படிப்ப முடிச்சுட்டு ஏர்லைன்ல சேர அது வழி இல்ல. 200, 250 மணிநேரத்தோட திரும்பி வந்து, இங்க டி.ஜி.சி.ஏ. பரீட்சை எழுதி, அமெரிக்க லைசன்ஸ இந்திய லைசன்ஸா மாத்தி, அப்புறம்தான் இங்க வேலை தேடணும். அதாவது வெளிநாட்டுல படிச்சதனால முதல் கன்வெர்ஷன் சொந்த ஊருலயே ஆரம்பிக்குது!

அடுத்து டைப் ரேட்டிங். தவில் வித்வான மிருதங்கத்துல உக்கார வெச்சா தாளம் எல்லாம் தெரியும், ஆனா கை வேற, தோல் வேற. அதே மாதிரி ஒவ்வொரு பெரிய விமான ரகத்துக்கும் தனியா தியரி, சிமுலேட்டர் பயிற்சி, டெஸ்ட் முடிச்சு லைசன்ஸ்ல முத்திரை வாங்கணும், அதான் டைப் ரேட்டிங். சொந்த காசுல பண்ணினா பத்து லட்சத்த தாண்டும். எந்த ரேட்டிங் வெச்சிருக்கீங்களோ அதுதான் நீங்க எந்த ஊருக்கு போக முடியும்னு தீர்மானிக்கும். ஏர்பஸ் 320 இல்லாத நாடு குறைவு. 777 அப்படி இல்ல. 2019 ஏப்ரல் 17ம் தேதி ஜெட் ஏர்வேஸ் நின்னப்போ அங்க 777 ஓட்டிட்டு இருந்தவங்களுக்கு இந்தியாவுல அந்த ரகம் இருந்த இன்னொரு கம்பெனி ஏர் இந்தியா மட்டும்தான், ஆனா மூணரை மணிநேரம் தள்ளி துபாய்ல உலகத்துலயே அதிக 777 வெச்சிருக்கற எமிரேட்ஸ் இருக்கு. கண்ணு எங்க போகும்னு சொல்லணுமா?

இன்னொரு விஷயம், இந்த திறமை ஊறுகாய் மாதிரி நாளாக நாளாக ஏறாது, பால் மாதிரி. 90 நாளைக்குள்ள மூணு டேக் ஆஃப், மூணு லேண்டிங் பண்ணலன்னா பயணிகளோட பறக்க முடியாது, மறுபடி சிமுலேட்டர்ல காட்டணும். ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு அப்ளை பண்ணினா ஃபைல மேல இருந்து கீழ வெச்சுடுவாங்க.

சுருக்கமா: லைசன்ஸ் உங்கள வாசல் வரைக்கும் கொண்டு விடும். உள்ள கூப்பிடறது, அவங்க கிட்ட இருக்கற அதே ரக விமானத்துல, சமீபத்துல பறந்த மணிநேரம். 200 மணிநேரத்துல வெளிநாட்டு ஏர்லைன் கூப்பிடறது அபூர்வம், பல நாடுகள்ல பயிற்சியோட சேத்து எடுக்கற கேடட் சீட்டு அந்த ஊரு குடிமக்களுக்குத்தான்.

மெடிக்கல், இங்கிலீஷ்

கிளாஸ் 1 மெடிக்கல்ங்கறது கமர்ஷியல் பைலட்டுக்கான உடல்தகுதி சர்டிபிகேட், வருஷா வருஷம் எடுக்கணும், 60 தாண்டினா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ. 65 ஆனா சர்வதேச ஏர்லைன் விமானத்த ஓட்ட முடியாது. இந்திய மெடிக்கல் இருந்தாலும் போற நாடு அவங்க டாக்டர வெச்சு மறுபடி பாக்கும், இங்க ஓகே ஆனது அங்க ஓகே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

இங்கிலீஷ்னா ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் இல்ல. ரேடியோவுல கரகரன்னு வர்ற வேற வேற உச்சரிப்ப புரிஞ்சுக்கிட்டு, எதிர்பாராத விஷயத்த தெளிவா சொல்லத் தெரியணும். 1ல இருந்து 6 வரைக்கும் லெவல், குறைஞ்சது 4 வேணும். இந்த கட்டாயத்துக்கு பின்னாடி இருக்கற காரணங்கள்ல ஒண்ணு நம்ம நாட்டுலயே நடந்தது. 1996 நவம்பர் 12, டெல்லி பக்கத்துல சர்க்கி தாத்ரிக்கு மேல, கிளம்பின சவுதியா ஜம்போவும் இறங்கிட்டு இருந்த கஜகஸ்தான் விமானமும் வானத்துலயே மோதி 349 பேர் போயிட்டாங்க. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில நிக்க வேண்டியது, அதுக்கும் கீழ இறங்கிடுச்சு, அந்த பைலட்டுங்களுக்கு இங்கிலீஷ் சரியா புரியாததும் ஒரு காரணம்னு விசாரணையில வந்துச்சு. 2008 மார்ச்ல இருந்து உலகம் முழுக்க இந்த லெவல் முறை அமல்ல இருக்கு.

அந்த பெட்டிக்குள்ள ஒரு மணிநேரம்

பேப்பர் எல்லாம் சரின்னா கூப்பிடுவாங்க. கம்ப்யூட்டர் டெஸ்ட், குரூப்பா உக்கார வெச்சு பேச விடறது, இன்டர்வியூ, அப்புறம் சிமுலேட்டர். ஒரு தடவ பின்சீட்ல உக்காந்து பாக்கற வாய்ப்பு எனக்கு கிடைச்சுது. வெளிய பாத்தா நாலஞ்சு கால் முளைச்ச ஒரு வெள்ளை பெட்டி, உள்ள போனா நிஜ காக்பிட், கண்ணாடிக்கு வெளிய ராத்திரி ரன்வே லைட்டு. வேகம் ஏறுது, "வி1"ன்னு குரல் வருது, வி1னா அதுக்கு மேல பிரேக் போட்டு நிக்க முடியாது, ஏறியே ஆகணும்ங்கற வேகம். அடுத்த நொடி பயிற்சியாளர் ஒரு பட்டன அமுக்கறார், வலது இன்ஜின் செத்துச்சு. மூக்கு ஒரு பக்கமா இழுக்குது, ஓட்டறவரோட இடது கால் பெடல்ல அழுந்தி நடுங்கறது பின்னாடி இருந்த எனக்கு தெரிஞ்சுது, பேன்ட் துணி ஆடுது, ஆனா குரல் மட்டும் சாதாரணமா "கியர் அப்"னு வந்துச்சு.

பயிற்சியாளர் கால பாக்கல, குரலத்தான் பாத்தார்னு அப்புறம் சொன்னார். முதல்ல விமானத்த ஓட்டு, அப்புறம் எங்க போறோம்னு பாரு, அதுக்கப்புறம் பேசு, இந்த வரிசை மாறுதா, பக்கத்துல இருக்கற முன்ன பின்ன தெரியாத ஆள வேலை வாங்கத் தெரியுதா, இதான் அவங்களுக்கு வேணும். வெளிநாட்டு காக்பிட்ல தினம் வேற நாட்டுக்காரர்தான் பக்கத்துல உக்காந்திருப்பார்.

விசா, சீனியாரிட்டி, நோட்டீஸ்

மூணாவது பூட்டு. வளைகுடா நாடுகள்ல ஏர்லைனே விசா எடுத்து குடுக்கும், அவங்க ஓடறதே வெளிநாட்டு பைலட்டுங்கள நம்பித்தான், அதனால நம்ம ஆளுங்களுக்கு நடைமுறையில திறந்திருக்கற பெரிய கதவு அதுதான். ஐரோப்பிய ஏர்லைன் பெரும்பாலானது "இங்க தங்கி வேலை பாக்க ஏற்கனவே உரிமை இருக்கா"ன்னு முதல் வரியிலயே கேட்டுடும், இல்லன்னா அதோட சரி. வேலையோட ஒட்டின விசாவுக்கு இன்னொரு முகமும் உண்டு: 2020 அக்டோபர்ல கேத்தே டிராகன்ங்கற ஏர்லைன ஒரே நாள்ல மூடினப்போ ஹாங்காங்ல இருந்த வெளிநாட்டு பைலட்டுங்களுக்கு சம்பளம் போனது மட்டும் இல்ல, அந்த ஊருல இருக்கலாமாங்கறதும் சேந்து கேள்வி ஆச்சு.

சீனியாரிட்டிய பத்தி யாரும் சொல்றதே இல்ல. நிறைய ஏர்லைன்ல சேந்த தேதிதான் எல்லாம், கேப்டன் ஆகறது, லீவு, நல்ல ரூட்டு. இங்க கேப்டனா இருந்தவர் அங்க போய் ஃபர்ஸ்ட் ஆபீசரா வரிசைக்கு கடைசியில நிக்க வேண்டி வரலாம். நேரா கேப்டனாவே எடுத்தா அதுக்கு "டைரக்ட் என்ட்ரி கேப்டன்"னு பேரு, ஆள் பஞ்சம் இருக்கும்போதுதான் அது வரும். திரும்பி வந்தா இங்கயும் மறுபடி கடைசிதான்.

கிளம்பறதும் லேசு இல்ல. 2017ல டி.ஜி.சி.ஏ. போட்ட விதிப்படி கேப்டன் ஒரு வருஷம், ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆறு மாசம் நோட்டீஸ் குடுக்கணும். இது அநியாயம்னுதான் எனக்கு தோணுது, எந்த வெளிநாட்டு கம்பெனி ஒரு வருஷம் காத்திருக்கும்? ஆனா ஒரே மாசத்துல நாப்பது பேர் துபாய் கிளம்பினா டிக்கெட் வாங்கின ஜனம் நடுரோட்டுல நிக்கும்ங்கறதும் நிஜம்தான்.

காசு கேக்கற ஏஜென்ட்

பைலட்டுங்கள ஒப்பந்தத்துல அனுப்பற நிஜமான கம்பெனிங்க இருக்கு, அவங்களுக்கு காசு குடுக்கறது ஏர்லைன். உங்க கிட்ட "புராசஸிங்"னு லட்சம் கேட்டா அது அந்த வகை இல்ல. காசு கட்டி சம்பளம் இல்லாம சில நூறு மணிநேரம் ஓட்டிக்கோன்னு ஒரு ஏற்பாடும் உலகத்துல நடக்குது, அந்த மணிநேரத்த அடுத்த ஏர்லைன் எப்படி பாக்கும்னு கேட்டுட்டு காச எடுங்க.

மாமாவுக்கு இதெல்லாம் பந்தியில முழுசா சொல்லல. பையன முதல்ல இங்க கன்வெர்ஷன முடிச்சு, உள்ளூர்ல 320ல ஏறச் சொல்லுங்க, எமிரேட்ஸ் எங்கயும் ஓடிடாதுன்னு சொன்னேன், முகம் கொஞ்சம் வாடிப்போச்சு. நேத்து பையனே போன் பண்ணினான். "அண்ணா, லாக் புக்ல 214 மணிநேரம் இருக்கு, முதல்ல என்ன பண்ணட்டும்"னு கேட்டான். பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டு, பாஸ்போர்ட்டு, அமெரிக்க லைசன்ஸு மூணையும் பக்கத்துல வெச்சு பேரு ஒரே மாதிரி இருக்கான்னு பாருடான்னேன். கொஞ்ச நேரம் பேப்பர் சத்தம் கேட்டுச்சு.

"மூணும் மூணு மாதிரி இருக்குண்ணா."